பதிவுப் புத்தகத்தில் இல்லாத பெயர்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை மக்கள் படுவான்கரை என்பர். கிழக்குக் கரையை எழுவான்கரை என்பர். ஞாயிறு படும் பக்கம் ஒன்று, எழும் பக்கம் மற்றொன்று. நெல்வயலும் எருமைப் பட்டியும் விறகுக் காடும் படுவான்கரையில் இருக்கின்றன. பெரிய சந்தையும் கச்சேரியும் பெரிய ஆஸ்பத்திரியும் எழுவான்கரைப் பக்கம் இருக்கின்றன. இடையே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. விளைவிப்பவன் ஒரு கரையில் இருக்க, விலை சொல்பவன் மறு கரையில் இருக்கிறான். இந்த நிலவமைப்பை மனத்தில் இருத்திக்கொண்டாலன்றி, இப்பகுதியில் ஒரு வாகனம் எதற்காக வேண்டப்படுகிறது என்பது விளங்காது. தயிர் புளித்துப் போகுமுன், மீன் கெட்டுப் போகுமுன், காய்ச்சற்காரப் பிள்ளையின் கண் செருகுமுன் வாவியைக் கடந்தாக வேண்டும். வாகனம் இங்கே ஆடம்பரப் பொருளன்று. அது உழைப்பவனின் மூன்றாவது கால்.

இக்கரைகளில் ஓடும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை உற்று நோக்குவோம். பெற்றோல் தாங்கியில் யப்பானியக் கம்பனி ஒன்றின் பெயர் தேய்ந்து தெரிகிறது. எஞ்சினோ வேறொரு வண்டியிலிருந்து கழற்றியது. முன் கவடு மூன்றாவது வண்டிக்கு உரியது. பின்சில்லின் கம்பிகளைச் சைக்கிள் கடைக்காரர் முறுக்கிக் கொடுத்திருக்கிறார். இருக்கையின் பின்னே மீன் பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஊர்க் கொல்லன் அடித்தது. பதிவுப் புத்தகத்தைத் திறந்தால், தயாரித்தவர் என்ற இடத்தில் ஒரே பெயர்தான் இருக்கும். வண்டியை மெய்யாகவே உண்டாக்கி ஓட வைத்தவனின் பெயர் அங்கே இராது.

எழுதப்பட்ட வரலாறும் பெரும்பாலும் இத்தகைய பதிவுப் புத்தகமாகவே இருந்து வருகிறது. வீட்டு முற்றத்திலும் ஓலைக் கொட்டிலிலும் உதிரிப்பாகங்களைக் கோத்து வண்டி செய்யும் உழைப்பு உலகில் எவ்வாறு தோன்றியது? அதே உழைப்பு ஓரிடத்தில் பெரும் தொழிலாக வளர்ந்து, மற்றோரிடத்தில் பெயரற்றுப் போனதற்குக் காரணம் என்ன? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே நம் நோக்கம்.

1

மோட்டார் சைக்கிள் பிறப்பிலேயே ஒட்டுவேலைப்பாடு. 1885ஆம் ஆண்டில் கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் ஜெர்மனியில் ஒரு தோட்டத்துக் கொட்டிலில் முதல் வண்டியை இணைத்தபோது, அதன் சட்டகம் மரத்தால் ஆகியிருந்தது. தாங்கள் செய்த சிறிய எஞ்சின் ஓடுமா என்று சோதித்துப் பார்க்கவே அவர்களுக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. அதன் பின் ஐரோப்பாவின் சைக்கிள் தொழிலாளர் தமக்குத் தெரிந்த சைக்கிள் சட்டகத்தில் எஞ்சினைப் பூட்டிப் பார்த்தனர். இங்கிலாந்தில் சைக்கிள் செய்துவந்த றோயல் என்பீல்ட் 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. அமெரிக்காவில் ஹார்லியும் டேவிட்சனும் 1903இல் ஒரு மரக்கொட்டிலில்தான் தொழிலைத் தொடங்கினர்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு யப்பானில் இருக்கிறது. 1946ஆம் ஆண்டு. போரில் தோற்ற நாடு, நகரங்கள் எரிந்து கிடக்கின்றன, பஸ்ஸும் இரயிலும் போதவில்லை, பெற்றோலுக்குப் பங்கீடு. கொல்லர் ஒருவரின் மகனான சொய்ச்சிரோ ஹொண்டா, இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டுப் போர் முடிந்ததும் பயனற்றுக் கிடந்த சிறு எஞ்சின்களைக் கண்டார். அவற்றில் ஏறத்தாழ 500ஐ வாங்கிச் சாதாரணச் சைக்கிள்களில் பூட்டினார். முதல் சோதனை வண்டிக்குப் பெற்றோல் தாங்கி கிடைக்கவில்லை. வீட்டில் குளிருக்கு வெந்நீர் நிரப்பி வைத்துக்கொள்ளும் குடுவையே தாங்கியாயிற்று. பெற்றோல் தட்டுப்பட்டபோது பைன் மரத்திலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்து ஓட்டினர். அவருடைய மனைவி அவ்வண்டியில் ஏறித் தெருவில் ஓட்டிக் காட்டினார். 1948இல் கம்பனி பிறந்தது. 1958இல் வெளிவந்த சூப்பர் கப் என்ற சிறு வண்டி, 2017ஆம் ஆண்டளவில் உலகெங்கும் 10 கோடி என்ற தொகையைக் கடந்தது.

மறுபடியும் எண்ணிப் பார்ப்போம். பிறருடைய எஞ்சின், பிறருடைய சைக்கிள், வீட்டு வெந்நீர்க் குடுவை, கலப்பட எண்ணெய்: இந்த நான்கும் வாவிக்கரைப் பட்டறையில் காணப்பட்டால் அதைக் ‘கள்ள வேலை’ என்போம், ‘ஓட்டை வண்டி’ என்று நகைப்போம். அங்கே அதுவே ஒரு பெருந்தொழிலின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. கைத்திறனில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. அக்கைகளுக்குப் பின்னால் நின்ற சமுதாயம் வேறு. யப்பானில் வார்ப்புப் பட்டறைகள் இருந்தன. கடைசல் தொழிலாளர் இருந்தனர். நாடெங்கும் வண்டியை விற்றுப் பழுதும் பார்க்கும் சைக்கிள் கடைகள் இருந்தன. தன் தொழிலைக் காக்க முனைந்த அரசும் இருந்தது. ஒட்டுவேலை உற்பத்தியாக வளர்வதற்கு இவை யாவும் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப்படிப்பில் அதிகம் நிலைக்காதவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறிவந்த றட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்ட இளைஞர், அதன் மேல் கொண்ட ஆசையால் கோவை சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்தார். 300 ரூபா கொடுத்து அவ்வண்டியை வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் போகவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பரப்பி வைத்து, மறுபடியும் கோத்து ஓட்டினார். அதுவே அவருக்குக் கல்லூரி. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். பின்னர் மின்மோட்டார் முதலிய பல பொருள்களின் உற்பத்தியில் ஈடுபட்டார். கழற்றிப் பார்ப்பதே கற்கும் வழி என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

செய்தவன் பெயர் மறைக்கப்படுவது ஏழை நாடுகளில் மட்டும் நிகழ்வதென்று எண்ண வேண்டாம். 1969இல் அமெரிக்காவில் ‘ஈசி ரைடர்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதில் வரும் நீண்ட கவடுடைய மோட்டார் சைக்கிள்கள் உலகப் புகழ் பெற்றன. இன்று பாகங்களை விரும்பியபடி தேர்ந்து வண்டி செய்யும் கலை என்று பேசுவோர் அனைவரும் அவ்வண்டிகளையே முதலில் காட்டுவர். பொலிஸார் பயன்படுத்திக் கழித்து ஏலம் விட்ட ஹார்லி வண்டிகளை வாங்கி, அவற்றிலிருந்து இவற்றை உருவாக்கியவர்கள் இருவர். வடிவமைத்தவர் கிளிஃப் வோஸ். பட்டறையில் செய்து முடித்தவர் பென் ஹார்டி. இருவரும் கறுப்பினத்தவர். வோஸ் குடியுரிமைப் போராட்டத்தில் பங்குகொண்டவர். படத்தின் பெயர்ப் பட்டியலில் இருவர் பெயரும் இடம்பெறவில்லை. வண்டி புகழ் பெற்றது. ஏறி நடித்தவர்கள் புகழ் பெற்றனர். செய்த கைகளை உலகம் அறியப் பல பத்தாண்டுகள் சென்றன.

2

இனி நம் வாவிக்குத் திரும்புவோம். ஆங்கில ஆட்சி இப்பகுதிக்கு இயந்திரத்தைக் கொண்டு வந்தது உண்மை. 1924இல் கல்லடியில் இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. 1928இல் மட்டக்களப்புக்கு இரயில் வந்தது. எனினும் இயந்திரத்தைப் பயன்படுத்தும் உரிமையும் அதை உண்டாக்கும் உரிமையும் வேறு வேறானவை. தேயிலையும் றப்பரும் தெங்குப் பொருளும் ஏற்றுமதி செய்து, ஊசி முதல் எஞ்சின் வரை இறக்குமதி செய்வதே குடியேற்ற நாட்டுக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரம். பழுது பார்ப்பதற்கு எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேருக்கே தொழில் கற்பிக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின்னும் இந்நிலை அடியோடு மாறவில்லை. அண்டை நாட்டோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1955இல் சென்னையில் என்பீல்ட் இந்தியா நிறுவப்பட்டபோது, இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோத்து புல்லட் வண்டி செய்வதே அதன் வேலை. சில ஆண்டுகளில் பாகங்களையும் அங்கேயே செய்யலாயினர். பின்னர் இங்கிலாந்தில் அத்தொழில் மூடப்பட்டது, சென்னையில் தொடர்ந்தது. கோப்பவன் உண்டாக்குபவனாக மாறினான். இலங்கையில் அம்மாற்றம் நிகழவில்லை. சிறிய சந்தை ஒரு காரணம். தோட்டப் பொருளாதாரத்தில் ஊறிய ஆளும் வர்க்கத்துக்கு உற்பத்தியைவிட இறக்குமதித் தரகு எளிதாயிருந்தது மற்றொரு காரணம்.

ஆயினும் இயந்திரம் வந்த இடத்தில் இயந்திர அறிவும் கசிந்து பரவவே செய்யும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் அமெரிக்கக் கம்பனியின் பாரிய மண்வெட்டு இயந்திரங்கள் வந்திறங்கின. வாழைச்சேனையில் காகித ஆலை எழுந்தது. வயல்களுக்குள் நான்கு சில்லு உழவு இயந்திரங்களும், பின்னர் ‘லாண்ட்மாஸ்டர்’ என்ற இரு சில்லு உழவு இயந்திரமும் புகுந்தன. இவ்விரு சில்லு இயந்திரத்தை 1950களில் உருவாக்குவதில் பங்குகொண்டவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. வேளாண்மையை முன்னேற்றினோமா, எருமையின் இடத்தில் இயந்திரத்தை வைத்தோமா என்ற கேள்விக்குப் பிற்காலத்தில் அவரே முகங்கொடுத்துத் தம் படைப்பைத் தாமே குறை கண்டார். அந்த நேர்மை பாராட்டற்குரியது. ஆனால் அவ்வியந்திரம் எதிர்பாராத வேறொரு பணியையும் செய்தது. உழுதது, நீர் இறைத்தது, பெட்டி பூட்டி நெல்லும் ஆளும் ஏற்றியது. பழுதானபோது வயல் வரம்பிலேயே கிடந்தது. நகரத்திலிருந்து மெக்கானிக் வரும்வரை மழை காத்திருக்குமா? வயற்காரனின் மகன் தானே திருகாணியைக் கழற்றினான். படுவான்கரையில் எஞ்சின் அறிவு பரவிய வழிகளில் இது முதன்மையானது.

1970 முதல் 1977 வரை இருந்த கடும் இறக்குமதிக் கட்டுப்பாடு இவ்வறிவை மேலும் கூர்மையாக்கியது. புதிய பாகம் கிடைக்காதபோது பழைய பாகத்தைத் திருத்தியே ஆக வேண்டும். 1977இல் கதவு அகலத் திறந்தது. யப்பானியச் சிறு வண்டிகள் வந்து நிறைந்தன. யப்பானில் ஓடிக் கழிந்தவை இங்கே புதுவாழ்வு பெற்றன. உதிரிப்பாகக் கடைகள் பெருகின. தோற்ற நாட்டில் வெந்நீர்க் குடுவையோடு பிறந்த வண்டி, அரை நூற்றாண்டுக்குள் இன்னொரு ஏழை நாட்டின் கொட்டிலில் அக்கக்காகக் கழற்றப்பட்டு, மறுபடியும் கோக்கப்படலாயிற்று.

3

அக்கோப்பு வேலை எத்தகையது என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் சற்று நின்று காண வேண்டும். ஏனெனில் அதைக் ‘கைப்பழக்கம்’ என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது நம் படித்த வகுப்பாரின் வழக்கம்.

முதலில் சட்டகம். ஒரு வண்டியின் சட்டகத்தில் வேறொரு வண்டியின் எஞ்சினை வைப்பதானால், தாங்கும் காதுகளை அறுத்து, புதிய தகடு வைத்து ஒட்ட வேண்டும். எஞ்சினிலிருந்து வரும் பற்சில்லும் பின்சில்லின் பற்சில்லும் ஒரே கோட்டில் நில்லாவிடில் சங்கிலி பக்கவாட்டில் தேய்ந்து அறும். இதற்கு ஒரு நீண்ட நேர்க்கம்பியும் நூலுமே அளவுகோல். அடுத்து இழுவை. முன்னே 14 பல், பின்னே 42 பல் என்றால் முன்சில்லு மூன்று சுற்றுச் சுற்றப் பின்சில்லு ஒரு சுற்றுச் சுற்றும். இரண்டு மூட்டை நெல் ஏற்ற வேண்டுமானால் பின்னே பல்லைக் கூட்டுவான். வேகம் குறையும், இழுவை மிகும். வகுப்பறையில் விகிதம் என்று நாம் கற்பிப்பதை அவன் சேற்றில் நிரூபிக்கிறான்.

எஞ்சின் தேய்ந்து புகை தள்ளினால் சிலிண்டரைக் கடைந்து, பெரிய அளவுப் பிஸ்டன் போட வேண்டும். கால் மில்லிமீற்றர், அரை மில்லிமீற்றர், முக்கால், ஒன்று எனப் படிப்படியாக அப்பிஸ்டன்கள் வரும். ஒவ்வொரு முறை கடையும்போதும் சிலிண்டரின் சுவர் மெலியும். இன்னும் ஒரு முறை தாங்குமா என்று தீர்மானிப்பவன் விரல்நகத்தால் தட்டிப் பார்த்தும் அளவுகருவியால் அளந்தும் சொல்கிறான். மின்பொறி எப்போது பாய வேண்டும், எரிபொருளோடு எவ்வளவு காற்றுக் கலக்க வேண்டும் என்பனவும் அவ்வாறே. பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்ப்பான். கரி படிந்திருந்தால் எண்ணெய் மிகை. வெளுத்திருந்தால் காற்று மிகை. வைத்தியன் நாக்கைப் பார்ப்பதற்கு இது எவ்விதத்தில் குறைந்தது?

இதன் குறைகளையும் மறைக்கலாகாது. ஓட வைப்பதில் காட்டிய கவனம் நிறுத்துவதில் காட்டப்படுவதில்லை. வேகம் இரு மடங்கானால், நிறுத்துவதற்கு அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். சிறிய வண்டிக்குச் செய்த பிரேக்கை வைத்துக்கொண்டு பெரிய எஞ்சினைப் பூட்டியவன், அக்கணக்கைத் தெருவில் இரத்தத்தால் கற்கிறான். ஒட்டிய சட்டகம் ஒட்டிய இடத்தருகே வெடிக்கலாம். தொழில் பழகும் பையன்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் உழைத்து, கண்ணில் ஒட்டுப்பொறியும் நுரையீரலில் புகையும் வாங்குகிறார்கள். ஏழையின் திறமையைப் புகழ்ந்துவிட்டு அவன் ஏழ்மையை அப்படியே விட்டுவைப்பது முற்போக்கு ஆகாது.

4

1990 ஜூனில் போர் மறுபடியும் மூண்டது. வடக்கே யாழ்ப்பாணத்தின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், மின்கலம், உதிரிப்பாகம் முதலியன தடைசெய்யப்பட்டன. அங்கே மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடலாயின. இதற்குள்ளும் ஒரு விஞ்ஞானம் உண்டு. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அமுக்கம் மிகுந்தால் எஞ்சின் அடிக்கும். ஆகவே சிலிண்டர்த் தலையின் கீழ்த் தடித்த தகடு வைத்து அமுக்கத்தைக் குறைக்க வேண்டும். பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் பெர்குசன் உழவு இயந்திரங்கள் 1949 முதலே இங்கிலாந்தில் செய்யப்பட்டன. பொறியியலாளர் வசதியாக இருந்து செய்ததைத் தமிழ் உழைப்பாளர் குண்டு வீச்சினிடையே செய்தனர்.

வாவிக்கரையின் நிலை வேறுவகைக் கொடுமையாயிருந்தது. எழுவான்கரையும் நகரமும் அரச படைகளின் பிடியில். படுவான்கரையின் பெரும்பகுதி நெடுங்காலம் புலிகளின் பிடியில். வாவியே எல்லையாயிற்று. வவுணதீவில் சோதனைச் சாவடி நின்றது. எரிபொருளும் மின்கலமும் பசளையும் அளந்தே அக்கரைக்கு விடப்பட்டன. ஒரு பக்கம் இராணுவத்தின் சோதனை. மறு பக்கம் புலிகளின் வரியும் ஆட்சேர்ப்பும். 1991 ஜூன் 12இல் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் கண்ணிவெடியில் இராணுவத்தினர் இறந்ததைத் தொடர்ந்து, மகிழடித்தீவில் நெல் ஆலையில் தஞ்சம் புகுந்தோர் உட்படப் பொதுமக்கள் பலர் இராணுவத்தால் கொல்லப்பட்டனர். நெல்லைக் குற்றி அரிசியாக்கும் இயந்திரம் நின்ற இடம் சுடலையாயிற்று. இயந்திரத்தின் வரலாற்றை எழுதுவோர் அவ்விடத்தைத் தாண்டிச் செல்ல முடியாது.

இன்னொரு முறிவும் நிகழ்ந்தது. உதிரிப்பாகத்துக்கு இனம் தெரியாது. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை ஆகிய முஸ்லிம் ஊர்கள் வணிகத்தில் முன்னின்றவை. தமிழ் உழவனும் முஸ்லிம் வணிகனும் வாவியின் இரு கரைகளைப் போல ஒருவரையொருவர் சார்ந்தே வாழ்ந்தனர். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். முறிந்த கவட்டை ஒட்டித் தருவான் கொல்லன். முறிந்த நம்பிக்கையை ஒட்டும் பட்டறை எங்கே? இக்குற்றத்தை நம் பக்கத்துக் குற்றமென ஒப்புக்கொள்ளாமல், தமிழ் உழைப்பாளனின் பெருமை பேச நமக்கு உரிமையில்லை.

இவ்வாறு பாகமும் எரிபொருளும் சந்தையும் அறுந்த காலத்தில், இருப்பதைக் கொண்டு ஓட வைக்கும் அறிவே எஞ்சியது. மூன்று பிணங்களிலிருந்து ஒரு வண்டி எழுந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் விழுங்கியபோதும் அவ்வறிவுக்கு வேலை இருந்தது. உப்புநீர் புகுந்த எஞ்சினை உடனே கழற்றிக் கழுவி எண்ணெயில் தோய்க்காவிடில் துருவேறி இறுகிவிடும். இதை நூலில் படித்தவர் சிலர். கையால் அறிந்தவர் பலர்.

5

2007இல் படுவான்கரையில் போர் ஓய்ந்தது. 2009இல் நாடெங்கும் ஓய்ந்தது. 2014இல் மண்முனையில் யப்பானிய உதவியால் பாலம் கட்டப்பட்டது. வாவியைக் கடப்பது எளிதாயிற்று. பாலத்தின் வழியே நெல் மட்டும் கிழக்கே போகவில்லை. கடனும் மேற்கே வந்தது. குத்தகைக் கடன் கம்பனிகள் மாதத் தவணைக்குப் புதிய மோட்டார் சைக்கிள் கொடுத்தன. நுண்கடன் கம்பனிகள் பெண்களின் வாசலுக்கே வந்து நின்றன. போரில் கணவரை இழந்து தனியே குடும்பம் தாங்கும் பெண்கள் கிழக்கில் மிகப் பலர். அவர்களுட் பலர் இன்று தாமே வண்டி ஓட்டி வேலைக்குப் போவது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் தவணை தவறிய நாளில் வண்டி பறிக்கப்படும்போது, அம்மாற்றம் யாருடைய உடைமை என்பது தெரிகிறது. பழைய வண்டியைக் கோத்தவன் தன் வண்டிக்கு எசமானனாயிருந்தான். புதிய வண்டியில் ஏறியவன் தவணைக்கு அடிமையானான்.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வண்டிகளின் விலை ஏறியது. பாகங்களின் விலையும் ஏறியது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. அவ்வாண்டின் நடுப்பகுதியில் பங்கீட்டு முறை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே முதலில் ஒதுக்கப்பட்டது. வாகன இறக்குமதி 2025 தொடக்கத்திலேதான் தனியாருக்கு மீண்டும் திறந்தது. அவ்வைந்தாண்டுகளில் நாட்டின் வண்டிகளை ஓட வைத்தவர் யார்? அமைச்சரவையா, கடன் தந்த சர்வதேச நிறுவனங்களா? பெயர்ப்பலகைகூட இல்லாத பட்டறைகளில் கறுத்த கையோடு குந்தியிருந்தவர்களே. நாடு முழுவதும் அன்று படுவான்கரை ஆயிற்று. படுவான்கரைக்காரர் முன்பே கற்ற பாடத்தை நாடு காலந்தாழ்த்திக் கற்றது.

நெருக்கடி வரும்போதெல்லாம் இவ்வுழைப்பாளனைத் தேடுகிறோம். நெருக்கடி நீங்கியதும் அவனை மறக்கிறோம். சட்டத்தின் கண்ணில் அவன் கோத்த வண்டி ஐயத்துக்குரியது. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் பதிவோடு ஒத்திருக்க வேண்டும். பாதுகாப்புக்காகவும் களவைத் தடுக்கவும் அவ்விதி வேண்டியதே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கோத்த வண்டியைப் பட்டறைக்கு அருகிலேயே சோதித்து, பிரேக்கும் சட்டகமும் தகுதியானவை என்று கண்டால் ஏற்றுக்கொள்ளும் எளிய வழி ஏழைக்குத் திறந்திருக்க வேண்டும். தண்டம் விதிப்பதற்கு மட்டுமே தெருவில் நிற்கும் அரசு, தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றது.

6

ஆசிரிய நண்பர்களே! இவ்விடத்தில் பொறுப்பு நம் மீது வந்து விழுகிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டது, நல்லதே. ஆனால் பட்டறையில்லாத தொழில்நுட்பம், நீரில்லாமல் நீச்சல் கற்பிப்பதற்கு ஒப்பாகும். பள்ளிக்கூடத்துக்கு இயந்திரம் வரும்வரை காத்திராமல், ஊரிலுள்ள பட்டறைக்கு மாணவரை அழைத்துச் செல்லத் தடை என்ன? பற்சில்லின் பல்லை எண்ணி விகிதம் கற்கட்டும். பிளக்கின் நிறம் கண்டு எரிதல் கற்கட்டும். நின்ற வண்டியின் தேய்ந்த பிரேக்கைக் கண்டு ஆற்றல் கணக்கைக் கற்கட்டும். கற்பிப்பவனாக அந்தக் கறுத்த கைக்காரனை வகுப்பின் முன் நிறுத்துவோம். பாடநூல் எழுதியவனும் அவனும் ஒரே விஞ்ஞானத்தின் இரு கரைகள்.

தேசிய தொழிற்றகைமை முறையில், அனுபவத்தால் பெற்ற அறிவைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் வழி உண்டு. இதை அறியாத பட்டறைக்காரர் பலர். எஞ்சினை இருட்டிலும் கோக்கத் தெரிந்த இளைஞன், கையில் சான்றிதழ் இல்லாமையால் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சாதாரணக் கூலியாகப் போகிறான். அவனுக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது ஆசிரியனுக்கு ஒரு மாலை நேர வேலை. அவனுக்கோ அது வாழ்நாள் மாற்றம். இதைவிடப் பெரிய இலக்கியப் பணி இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வண்டி கோத்தவர்களின் வரலாற்றைக் கேட்டு எழுதுங்கள். எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது, எந்தத் தட்டுப்பாட்டில் எது கண்டுபிடிக்கப்பட்டது, யாரிடம் யார் கற்றார் என்பவற்றைக் குறித்து வையுங்கள். முஸ்லிம் கடைக்காரரிடமும் சிங்கள ஒட்டுத் தொழிலாளியிடமும் தமிழ்க் கொல்லனிடமும் கேளுங்கள். அரசர்களின் கல்வெட்டுகளைப் படித்த கண்களுக்கு, ஒட்டிய இரும்பில் படிந்த இவ்வெழுத்துகளையும் படிக்கத் தெரிய வேண்டும்.

யப்பானில் வெந்நீர்க் குடுவையைத் தாங்கியாக்கியவர் பெயர் உலகத் தெருக்களில் ஓடுகிறது. அமெரிக்காவில் பென் ஹார்டியின் பெயரைக் காலந்தாழ்த்தியேனும் எழுதினர். வாவியின் இரு கரைகளிலும் சேறும் போரும் கடனும் தட்டுப்பாடும் தாண்டி வண்டியை ஓட வைத்தவர்களின் பெயர்கள் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. தயாரித்தவர் என்ற அந்த இடத்தில் அவர்கள் பெயர் ஏறும் நாளை உண்டாக்குவது நம் கடமை. பேனாவும் திருகாணிச் சாவியும் ஒரே மேசையில் கிடக்கும் பள்ளிக்கூடத்திலேதான் அந்நாள் விடியும்.